பேக்டு ஜீட்டியில் கறி சேர்க்கலாமா? சேர்த்தால் எந்தக் கறி?

பேக்டு ஜீட்டி, அதாவது குழாய் வடிவப் பாஸ்தாவைத் தக்காளி சாஸும் சீஸும் சேர்த்து ஓவனில் சுடும் பண்டம், ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அடுத்து எல்லோரும் கேட்பது இதுதான்: இதில் கறி போடலாமா? போடலாம் என்றால் சாசேஜா, கீமாவா, மீட்பாலா? அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், இன்னொருவர் பன்றி வேண்டாம் என்பார். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு எடுத்துப்போனால் அங்கே பாதிப்பேர் சைவம். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் எடை போட்டுவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீட்டியில் கறி சேர்த்தால் வேறு சிலவற்றைக் குறைத்தே ஆக வேண்டும். கறி ஏறினால் சீஸ் இறங்க வேண்டும், உப்பு இறங்க வேண்டும், சாஸ் கொஞ்சம் கூட வேண்டும். நிறைய சமையல் குறிப்புகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. சீஸ் அளவைத் தொடாமல் ஒரு பவுண்டு கறியை அப்படியே உள்ளே கொட்டச் சொல்கின்றன. ட்ரேயை வெளியே எடுத்ததும் ஓரமெல்லாம் சிவப்பு எண்ணெய் தேங்கி நிற்பது இதனால்தான்.

## முதலில், எந்த ட்ரேயைப் பற்றிப் பேசுகிறோம்

அளவு தெரியாமல் ஒப்பிட முடியாது. அமெரிக்க வீடுகளில் வழக்கமான 9×13 அங்குல ட்ரேயை வைத்துக்கொள்வோம். ஜீட்டி 1 பவுண்டு, அதாவது 454 கிராம். நசுக்கிய தக்காளி 28 அவுன்ஸ் டின் ஒன்றும், இன்னொன்றில் பாதியும். ரிக்கோட்டா (ஈரப்பதமுள்ள மென்மையான சீஸ்) 425 கிராம் டப்பா ஒன்று. மொஸரெல்லா 340 கிராம். துருவிய பெக்கோரினோ ரொமானோ (செம்மறி ஆட்டுப்பால் கெட்டிச் சீஸ்) 60 கிராம். பாஸ்தாவைப் பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னாலேயே வடித்துவிட்டு, சாஸில் புரட்டி, ரிக்கோட்டாவை அங்கங்கே வைத்து, மேலே மொஸரெல்லா தூவி, 190 டிகிரி செல்சியஸில் (375 ஃபாரன்ஹீட்) ஃபாயில் மூடி 20 நிமிடம், திறந்து இன்னொரு 15 நிமிடம். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

இதன் பூர்வீகம் நேப்பிள்ஸும் அதைச் சுற்றியுள்ள தெற்கு இத்தாலியும். அங்கே ஜீட்டி நீளமான குழாய். கையால் ஒடித்துப் போடுவார்கள். அமெரிக்கப் பெட்டியில் வருவது ஏற்கெனவே வெட்டியது. 1880-க்கும் 1924-க்கும் இடையில் ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள், சிசிலிக்காரர்கள். ஊரில் திருநாளுக்கு மட்டும் கிடைத்த கறி இங்கே வாரா வாரம் வாங்குகிற விலையில் இருந்தது. அப்படித்தான் மீட்பாலும் சாசேஜும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நிரந்தரமாக உட்கார்ந்தன. ஆகவே கறி போட்டது ‘அசல்’, போடாதது ‘அசல் இல்லை’ என்று யாராவது சண்டைக்கு வந்தால் நீங்கள் கலந்துகொள்ள வேண்டாம். இரண்டுமே அந்தக் குடும்பங்களில் இருந்துவந்தவைதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

ருசியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நன்றாகச் செய்தால் எல்லாமே ருசிதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு.

கொழுப்பு. இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன ட்ரேயில் சீஸ்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 140–150 கிராம் கொழுப்பு வருகிறது. ஒரு பவுண்டு இத்தாலியன் சாசேஜில் அமெரிக்க விதிப்படி 35 விழுக்காடு வரை கொழுப்பு இருக்கலாம். அதாவது 159 கிராம் வரை. 80/20 மாட்டுக் கீமாவில் (80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு) 91 கிராம். 90/10 கீமாவில் 45 கிராம். வதக்கும்போது இதில் ஒரு பகுதி வெளியே வரும், வடித்துவிடலாம். வடிக்காமல் விட்டால் கொழுப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நீர். கறியும் நீர் விடும், ரிக்கோட்டாவும் நீர் விடும். இரண்டும் சேர்ந்தால் அடியில் குளம் கட்டும்.

உப்பு. பெக்கோரினோ உப்புக் கரிக்கும் சீஸ். சாசேஜும் உப்புப் போட்டே வருகிறது. எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு என்பது பொதுவான அளவு. ஒரு பவுண்டில் 7–9 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல்.

நேரமும் பாத்திரமும். கூடுதலாக ஒரு வாணலியா, அரை நாளா?

சாப்பிடப் போவது யார். பத்துப் பேரில் இரண்டு பேர் சாப்பிட முடியாத கறி என்றால் அந்த ட்ரேயின் கணக்கே மாறிவிடும்.

மறுநாள். ஜீட்டி ஒரே வேளையில் காலியாகும் சாப்பாடு இல்லை. ஃப்ரிட்ஜில் எப்படி இருக்கும், ஃப்ரீசரில் எப்படி இருக்கும் என்பதும் முக்கியம்.

## கறியே இல்லாமல்

யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாதபோது இதுதான் சரி. துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் ட்ரே, பட்டமளிப்பு விருந்து, சர்ச் நிதி திரட்டும் சாப்பாடு என்று இத்தாலிய அமெரிக்கர்கள் ஜீட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் இடங்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கலாம். அதற்கு ஒரு சமயக் காரணமும் உண்டு. 1966-இல் அமெரிக்க ஆயர்கள் தளர்த்தும் வரை, கத்தோலிக்கர்களுக்கு ஆண்டு முழுக்க வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அதாவது கறி தவிர்க்கும் நாள். இப்போது சாம்பல் புதனும் தவக்கால வெள்ளிக்கிழமைகளும் கட்டாயம். இத்தாலிய அமெரிக்கர்கள் நிறைந்த நியூஜெர்சியிலோ லாங் ஐலண்டிலோ தவக்கால வெள்ளியன்று ஜீட்டி கொண்டுபோகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கறி கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவும் அப்படித்தான். அன்று பல வீடுகளில் மீன் விருந்து; கறி ட்ரேக்கு மறுநாள்தான் இடம்.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் இருக்கிறது. கறி தரும் அடர்த்தியை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். வெங்காயத்தை அவசரப்படாமல் பொன்னிறமாக வதக்குவது, பூண்டைத் தாராளமாகப் போடுவது, தக்காளி பேஸ்டை எண்ணெயில் நிறம் மாறும் வரை வறுப்பது. இவற்றைச் செய்யாமல் பாட்டில் சாஸை ஊற்றினால் மேலே சீஸும் உள்ளே புளிப்பும்தான் மிஞ்சும்.

இன்னொன்று நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. கறி இல்லை என்பதால் சைவம் ஆகிவிடாது. அசல் பெக்கோரினோ ரொமானோவைச் செய்ய ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட்டைத்தான் (பாலைத் திரியவைக்கும் பொருள்) பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. அசல் பார்மெசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் ரெனட். ரிக்கோட்டாவில் முட்டை கலக்கும் வழக்கமும் பரவலாக உண்டு. சுத்த சைவர்களுக்குச் செய்கிறீர்கள் என்றால் முட்டையை விட்டுவிட்டு, தாவர ரெனட்டோ நுண்ணுயிர் ரெனட்டோ போட்ட பார்மெசானை லேபிள் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கக் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

கறிக்குப் பதிலாகக் காளானோ கத்திரிக்காயோ போடலாமா என்றால், தாராளமாக. ஆனால் தனியாக வதக்கி நீரை வற்றவைத்துவிட்டுப் போடுங்கள்.

## இத்தாலியன் சாசேஜ்

கறி போடுவது என்று முடிவாகிவிட்டால் என் ஓட்டு இதற்கு. காரணம் எளிது: மசாலா வேலையை வேறொருவர் உங்களுக்காக முடித்து வைத்திருக்கிறார். அமெரிக்க வேளாண் துறை விதிப்படி, ‘இத்தாலியன் சாசேஜ்’ என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் அதில் சோம்போ அனீஸோ இருந்தாக வேண்டும். பன்றிக்கறி, உப்பு, மிளகு, சோம்பு. ‘ஸ்வீட்’ என்று எழுதியிருப்பதில் காரம் இருக்காது, அவ்வளவுதான். சர்க்கரைப் பலகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘ஹாட்’ என்றால் மிளகாய்ச் செதில்கள் சேர்ந்தது. ரிக்கோட்டா நாக்கில் மந்தமாக உட்காரும் பண்டம். அதற்கு எதிரே சோம்பும் காரமும் நிற்கும்போதுதான் ஜீட்டிக்கு உயிர் வருகிறது. நம் நாக்குக்கு ‘ஹாட்’ கூடச் சாதுவாகவே இருக்கும்.

செய்முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கத்தி முனையால் தோலைக் கீறி உரித்துவிடுங்கள். எண்ணெய் ஊற்றாத வாணலியில் கறியை ஒரே தட்டையாக அழுத்திப் பரப்பி, நாலைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். போட்ட உடனே கிளறத் தொடங்கினால் அது தன் நீரிலேயே வெந்து வெளுத்துப்போகும். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு மரக்கரண்டியால் கொண்டைக்கடலை அளவுக்கு உதிர்க்க வேண்டும். இதைவிடப் பெரிதாக விட்டால் ஜீட்டி ஒருபக்கம் கறி ஒருபக்கம் என்று பிரிந்து நிற்கும். ஜீட்டியின் வெளிப்பக்கம் வழவழப்பு என்பதால் எதுவும் ஒட்டாது. (இதனாலேயே கறி போடும் நாளில் நான் ரிகடோனிக்கு மாறிவிடுவேன். வரி வரியான மேல்தோல், அகலமான துளை, கறி உள்ளே போய் உட்காரும். கட்சி மாறியதாக யாரும் சொல்லட்டும்.)

உதிர்த்த கறியை எடுத்து வைத்துவிட்டு வாணலியைச் சாய்த்துப் பாருங்கள். தெளிந்த ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு ஓரமாகத் திரளும். ஒரு மேசைக்கரண்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு காலி டின்னில் ஊற்றுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். மீதி வைத்த கொழுப்பிலேயே வெங்காயம், பூண்டு. பிறகு தக்காளியை ஊற்றி, அடியில் பிடித்திருக்கும் பழுப்பைச் சுரண்டிவிட வேண்டும். கறியின் ருசியில் பாதி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அளவு? ஒரு பவுண்டு பாஸ்தாவுக்கு அரை பவுண்டு முதல் முக்கால் பவுண்டு வரை போதும். முழு பவுண்டு போட்டால் அது பாஸ்தா போட்ட கறி ஆகிவிடும். மொஸரெல்லாவை 340-லிருந்து 225 கிராமுக்குக் குறையுங்கள், பெக்கோரினோவைப் பாதியாக்குங்கள், சாஸில் உப்பைக் கடைசியில் சுவை பார்த்த பிறகு மட்டும் போடுங்கள். உதிர்ந்த கறி சாஸை இழுத்துக்கொள்ளும் என்பதால் இன்னும் அரைக் கப் தக்காளி சேர்ப்பது நல்லது. ரிக்கோட்டாவைச் சாஸோடு கலக்காமல் கரண்டி கரண்டியாக இடையில் வையுங்கள். கலந்தால் கறியும் சீஸும் சேர்ந்து ஒரு வெளிறிய ரோஸ் நிறம் வரும். ருசி கெடாது, பார்க்க நன்றாக இருக்காது.

சிக்கல்: பன்றி. ஹலால் பார்ப்பவர்களுக்கும், நம் வீடுகளில் பலருக்கும் இது ஆகாது. கோழி, வான்கோழி சாசேஜ்கள் கிடைக்கின்றன, ஆனால் சிலவற்றில் வெளித்தோல் பன்றிக் குடலாக இருக்கும். லேபிளில் அதையும் தேடிப் பாருங்கள்.

## மாட்டுக் கீமா

வார நாள் சாப்பாட்டுக்கு அமெரிக்கர்களில் நிறையப் பேர் எடுப்பது இதைத்தான். எங்கும் கிடைக்கும், குழந்தைகளுக்குச் சோம்பு வாசனை பிடிக்காத வீட்டில் சண்டை இருக்காது. ஆனால் மலிவு என்ற பழைய காரணம் இப்போது செல்லாது. 2025-இல் அமெரிக்காவில் ஒரு பவுண்டு மாட்டுக் கீமாவின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டிவிட்டது. அதிலும் ஒரு பவுண்டு 80/20 கீமா வெந்து முடியும்போது முக்கால் பவுண்டுதான் இருக்கும். மிச்சம் நீராகவும் கொழுப்பாகவும் போய்விடுகிறது.

கீமாவின் குறை, தனக்கென்று ருசி ஏதும் இல்லாதது. சாசேஜில் மசாலா உள்ளேயே இருக்கிறது. இதில் எல்லாவற்றையும் நீங்கள்தான் போட வேண்டும். உப்பு, மிளகு, பூண்டு, ஓரெகானோ, இடித்த சோம்பு ஒரு தேக்கரண்டி. இவை இல்லாமல் கீமாவைத் தக்காளியில் வேகவைத்து ஊற்றினால் பள்ளிக்கூடக் கேன்டீன் பாஸ்தா மாதிரி வந்து நிற்கும்.

எந்தக் கீமா என்பதில் 85/15 நடுவான வழி. 90/10 வறண்டு மணல் மணலாக ஆகிவிடும், 80/20 என்றால் வடிக்கும் வேலை கூடுதல். ஒரு பவுண்டு கீமாவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு மேசைக்கரண்டி நீரில் கரைத்துப் பிசறிக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். கறி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கும். வாணலியில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். கீமாவின் உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு. வாணலியில் உதிர்த்துச் சிவக்க விட்டால் அதைத் தாண்டியே போயிருக்கும்.

கீமாவைத் தனியாகப் போடுவதைவிடப் பாதி கீமா, பாதி சாசேஜ் என்று போடுவது எல்லா வகையிலும் மேல். மசாலா சாசேஜிலிருந்து வரும், கொழுப்பு நடுவாக நிற்கும், செலவும் கட்டுக்குள். வடகிழக்கு மாநிலக் கடைகளில் மாடு, பன்றி, இளங்கன்று மூன்றும் கலந்த கீமாவும் ‘மீட்லோஃப் மிக்ஸ்’ என்ற பெயரில் கிடைக்கும். அது நல்ல மென்மை, விலைதான் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

## மீட்பால்

நேப்பிள்ஸில் தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல் நாட்களில் ஒரு லசான்யா செய்வார்கள். ரிக்கோட்டா, சாசேஜ், அதோடு சின்னச் சின்னக் கறி உருண்டைகள். மீட்பால் போட்ட ஜீட்டிக்கு அதுதான் பெரியப்பா வீடு. ஆகவே இது கடைக்காரர்கள் கண்டுபிடித்த கூத்து இல்லை. நம் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை செய்யும் வேலையை இங்கே பாலில் ஊறிய ரொட்டி செய்கிறது. அது இல்லாவிட்டால் உருண்டை இறுகிப்போகும்.

செலவு முழுக்க உழைப்பில். முக்கால் அங்குல உருண்டை என்றால் ஒரு பவுண்டு கறியில் நூறுக்கும் மேல் வரும். உருட்டி, ஓவனில் சிவக்கவிட்டு, பிறகு சாஸில் போட்டு, பிறகு ட்ரே. பொறுமை இல்லாமல் பெரிதாக உருட்டினால் வேறு தொல்லை: கரண்டியில் ஒருவருக்கு மூன்று வரும், அடுத்தவருக்கு ஒன்றும் வராது. பெரிய உருண்டை மீந்திருந்தால் நாலாக வெட்டிப் போடுங்கள். உண்மையில் மீட்பால் ஜீட்டி சரியாக அமைவது அப்படித்தான்: ஞாயிற்றுக்கிழமை மிச்சம் செவ்வாய்க்கிழமை ட்ரேக்குள் போகும்போது. இதற்காகவே உட்கார்ந்து உருட்டுவது பிறந்தநாள், பண்டிகை போன்ற நாட்களுக்கு மட்டும் தகும்.

உறைந்த மீட்பால் பாக்கெட்? அவசரத்துக்குச் சரி. அதில் உப்பு அதிகம் என்பதால் சீஸைக் குறைக்கும் விதி இங்கேயும் உண்டு.

## ஞாயிற்றுக்கிழமை கிரேவி

இத்தாலிய அமெரிக்க வீடுகளில் பலர் தக்காளி சாஸை கிரேவி என்றே சொல்வார்கள். ஞாயிறு காலையில் பன்றி விலா, கழுத்தெலும்பு, சாசேஜ், மீட்பால், பூண்டும் பார்ஸ்லியும் சீஸும் வைத்துச் சுருட்டி நூலால் கட்டிய பிரஜோல் என்று பல கறிகளைச் சிவக்க வறுத்து, தக்காளியில் போட்டு மூன்று நாலு மணி நேரம் சிறுதீயில் வைப்பார்கள். சாப்பிடும்போது பாஸ்தாவுக்குச் சாஸ் மட்டும். கறி வேறு தட்டில் பின்னால் வரும்.

ஜீட்டிக்கு இதைவிட நல்ல சாஸ் கிடையாது. ஒரு துண்டு கறி கூட உள்ளே போடாமல், சாஸை மட்டும் ட்ரேக்கு எடுத்துக்கொண்டால் கறியின் ஆழம் முழுக்க வந்துவிடும், ஆனால் கனம் வராது. சீஸையும் குறைக்கத் தேவையில்லை. எலும்பிலிருந்து வரும் பசைத்தன்மையால் சாஸ் பாஸ்தாவை விட்டு வழியாது. முதல் நாளே செய்து இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும், கரண்டியால் தூக்கிப் போட்டுவிடலாம். வேண்டுமானால் விலாக்கறியைப் பிய்த்து ஒரு கைப்பிடி உள்ளே போடுங்கள். பிய்க்கும்போது சின்ன எலும்புத் துணுக்குகளையும், பிரஜோலில் கட்டிய நூலையும் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

விலை, அரை நாள். பிறகு ஒரு நேர்மை விஷயம்: இந்த ட்ரேயைப் பார்த்தால் கறி இல்லாதது போலவே இருக்கும். பாட்லக் மேசையில் எழுதி வைக்காமல் வைத்துவிட்டு வந்தால் யாராவது ஒரு சைவர் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு போவார். சீட்டு ஒட்டுங்கள்.

## கோழி, வான்கோழி

பன்றியும் மாடும் கூடாத வீட்டில் இதுதான் வழி. மரபு என்று சொல்ல முடியாது, ஆனால் மோசமும் இல்லை. குறை வறட்சி. கொழுப்பு குறைவான நெஞ்சுக்கறிக் கீமாவை ஓவனில் இன்னொரு முறை வேகவைத்தால் மரத்தூள்தான். தொடைக்கறிக் கீமாவாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பவுண்டுக்கு இடித்த சோம்பு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகாய்ச் செதில் அரைத் தேக்கரண்டி, பூண்டு இரண்டு பல், ரெட் வைன் வினிகர் சில துளி, ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி போட்டுப் பிசறி ஒரு மணி நேரம் வைத்தால் சாசேஜுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். ஆட்டுக் கீமா பற்றியும் கேட்கிறார்கள். எனக்கு அதன் வாடை ரிக்கோட்டாவோடு ஒத்துவருவதில்லை. பிடித்தால் போடுங்கள், ரிக்கோட்டாவைப் பாதியாக்கிவிட்டு.

## ஒரே பார்வையில்

| வகை | கொழுப்பு | கூடுதல் வேலை | மறைந்திருக்கும் செலவு | எப்போது |
|---|---|---|---|---|
| கறி இல்லாமல் | சீஸ் மட்டும் | வெங்காயம், பேஸ்ட் வதக்க 20 நிமிடம் | ரெனட், முட்டை | கூட்டம், தவக்காலம், தெரியாத விருந்தினர் |
| சாசேஜ் | அதிகம், வடிக்க வேண்டும் | 20 நிமிடம் | உப்பு, பன்றி | குடும்பச் சாப்பாடு, ஃப்ரீசர் |
| மாட்டுக் கீமா | நடுத்தரம் | 25 நிமிடம் | விலை, மசாலா | குழந்தைகள் உள்ள வீடு |
| மீட்பால் | நடுத்தரம் | ஒன்றரை மணி நேரம் | உழைப்பு | மீந்தது இருந்தால், பண்டிகை |
| ஞாயிறு கிரேவி | எடுத்துவிடலாம் | 3–4 மணி நேரம் | நேரம், சீட்டு ஒட்டுவது | உங்களுக்கு வேண்டியவர்கள் வரும்போது |
| கோழி, வான்கோழி | குறைவு | 20 நிமிடம், ஊற ஒரு மணி நேரம் | வறட்சி | பன்றி, மாடு கூடாதபோது |

## மறுநாளும் ஃப்ரீசரும்

கறி சேர்த்த ட்ரே மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கறி சேர்க்காதது கொஞ்சம் வறளும். ஃப்ரீசரில் இந்த வித்தியாசம் கூடும். உறைந்து உருகிய ரிக்கோட்டா திரிதிரியாகும், கறி இருந்தால் அது கண்ணில் படாது. ஃப்ரீசருக்கென்றே செய்வதாக இருந்தால் சாசேஜ் ட்ரேதான் என் சிபாரிசு. இரண்டு மூன்று மாதத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.

முதல் நாள் இரவே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் ஓவனில் வைக்கலாம். வதக்கிய கறியும் சாஸும் நன்றாக ஆறிய பிறகே அடுக்குங்கள். பாஸ்தா ராத்திரி முழுக்கச் சாஸைக் குடிக்கும், அதனால் அரைக் கப் சாஸ் கூடுதல், ஓவனில் கால் மணி நேரம் கூடுதல். பரிமாறிய ட்ரேயை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடக் கூடாது. கறியும் பால்பொருளும் ஒன்றாக இருக்கும் சாப்பாட்டில் சோம்பேறித்தனம் வேண்டாம். ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும். சூடு பண்ணும்போது நடுப்பகுதி 74 டிகிரிக்கு வர வேண்டும். மேலே ஃபாயில், அடியில் இரண்டு கரண்டி தண்ணீர்.

## பாதிப்பேர் சாப்பிடுவார்கள், பாதிப்பேர் மாட்டார்கள் என்றால்

ஒரே ட்ரேயில் இந்தப் பக்கம் சாசேஜ், அந்தப் பக்கம் வெறும் சீஸ் என்று பிரிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஓவனில் கொழுப்பு கோடு பார்த்து நிற்காது, கரண்டியும் மாறி மாறிப் போகும். பத்துப் பேருக்கு மேல் என்றால் பக்கத்து இத்தாலியப் பீட்சா கடையில் கறி இல்லாத அரை ட்ரே சொல்லிவிட்டு, கறி ட்ரேயை மட்டும் வீட்டில் செய்வது பல நேரம் நிம்மதி. கறி சேர்த்ததற்குப் பல கடைகளில் தனி விலை, அதை நீங்களே செய்தால் மிச்சம்.

வீட்டிலேயே இரண்டும் செய்வதாக இருந்தால் 9×13 ட்ரேக்குப் பதில் 8 அங்குலச் சதுர ட்ரே இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு ஜீட்டி இரண்டுக்கும் சரியாகப் போகும். சாஸைக் கறி இல்லாமல் ஒரே பாத்திரத்தில் செய்து பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் கால் பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாக வதக்கி வடித்த சாசேஜைச் சேருங்கள். கறி இல்லாத ட்ரேக்கு மொஸரெல்லா 170 கிராம், கறி ட்ரேக்கு 110 கிராம். ஓவனில் கறி இல்லாததை மேல்தட்டில் வையுங்கள், கறி ட்ரே பொங்கி வழிந்தாலும் மேலே தெறிக்காது. கரண்டி இரண்டு.